வெடி அவர்களுக்கு, வெடிப்பு நமக்கா?

மலையகத்தில் வீதிகள் அகலமாவதையோ நீர்மின் நிலையங்கள் எழுவதையோ நாம் எதிர்க்கவில்லை. பாறையை உடைக்காமல் மலையில் வீதி போட முடியாது என்பதும் நமக்குத் தெரியும். நாம் கேட்பது ஒன்றுதான். பாறைக்கு வைக்கும் வெடி, லயத்துச் சுவரை ஏன் பிளக்க வேண்டும்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இன்றி வெடிமருந்தை வைத்திருப்பதே குற்றம். சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனத்தின் 1988 ஆம் ஆண்டு 167 ஆம் இலக்கச் சமவாயமும் தெளிவாகப் பேசுகிறது: தகுதி பெற்றவரே வெடிபொருளைக் கையாள வேண்டும்; தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் காயம் ஏற்படாமல் பார்ப்பது அவரது பொறுப்பு. அந்த ‘மற்றவர்கள்’ யார்? மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களும், பிள்ளை மடுவத்தில் தூங்கும் குழந்தைகளும், லயத்தில் படுத்திருக்கும் முதியவர்களும்தான்.

“சங்கு ஊதினோமே” என்பார்கள் கொந்தராத்துக்காரர்கள். சங்கு ஊதுவது பாதுகாப்பின் கடைசிப் படி. வெடிக்கும் நேரத்தை முதல் நாளே தமிழில் எழுதி ஒட்டினார்களா? பாதையின் இரு பக்கமும் சிவப்புக் கொடியுடன் ஆள் நிறுத்தினார்களா? கல் பறக்காமல் வெடிக்குழிகளை மூடினார்களா? இவை நடக்காத இடத்தில் சங்கு வெறும் சத்தம்தான்.

தோட்டச் சம்பளம் போதாமல் நம் பிள்ளைகள் இந்த வேலைக்கும் போகிறார்கள். அவர்கள் அறிய வேண்டியவை சில உண்டு. வெடிக்காமல் போன குழியருகே, பொறுப்பான வெடிகாரர் பரிசோதித்து அனுமதிக்கும் வரை யாரும் போகக்கூடாது. பழைய குழியின் அடிப்பாகத்தில் மீண்டும் துளையிடவே கூடாது. உள்ளே மருந்து மிஞ்சியிருக்கலாம். சித்திரை, ஐப்பசி மாதங்களில் பிற்பகலில் இடி முழங்கினால் மருந்து நிரப்புவதை நிறுத்தி எல்லோரும் விலக வேண்டும். மின்னல் வெடிகேப்பை இயக்கிவிடும். துளையிடும்போது தண்ணீர் விட வேண்டும். காய்ந்த கல்தூசி நுரையீரலை அரிக்கும். வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 இலிருந்து இருக்கிறது. ஆனால் சப் கொந்தராத்தில் பெயர் பதியாமல் வேலை வாங்கினால், அடிபட்டவர் தான் அங்கே வேலை செய்ததையே நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.

வீட்டு விடயத்தில் அநியாயம் இன்னும் பெரிது. சுவர் வெடித்ததென்று முறையிட்டால், “இது பழைய வெடிப்பு, லயமே நூறு வருடப் பழசு” என்பது பதில். பழைய சுவர் என்றால் அதற்கேற்ப மருந்தைக் குறைத்து வெடிக்க வேண்டும். பழசு என்பது அவர்கள் தப்பிக்கும் வழியாகக் கூடாது. வெடி வைக்கும் முன்பே ஒவ்வொரு வீட்டையும் படம் பிடித்து, இருக்கும் வெடிப்புகளை அளந்து எழுதியிருந்தால் இந்தச் சண்டையே வராது. அப்படிச் செய்தாலும் அறிக்கை யாருக்குப் போகும்? வீடு நமது பெயரில் இல்லை என்பதால் நிர்வாகத்துக்குப் போகும். கூரை விழுந்தால் தலையில் வாங்குவது நாம், கடிதம் வாங்குவது துரையா?

2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தை லயங்களை மண் மூடியது மழையால்தான், வெடியால் அல்ல. ஆனால் அங்கும் ஆபத்து முன்பே அறியப்பட்டிருந்தது. அதை அறிந்தவர்களின் எச்சரிக்கை மக்களைக் காப்பாற்றவில்லை. மழையில் ஊறிய மலைச்சரிவில் வெடி வைப்போர் இதை மறக்கக்கூடாது.

நமது கோரிக்கைகள்:

1. வெடி வைக்கும் முன் வீட்டுக்கு வீடு பரிசோதனை. அதன் பிரதி குடியிருப்பவர் கையில்.

2. லயத்தருகே அதிர்வு அளக்கும் கருவி. அளவுகள் தோட்டத் தலைவருக்கும் தலைவிக்கும்.

3. நட்டஈட்டுப் பேச்சில் குடியிருப்பவரும் ஒரு தரப்பு.

4. ஒரு நாள் வேலை செய்தாலும் பெயர்ப் பதிவு.

அதுவரை ஒவ்வொரு வெடியின் திகதியையும் நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். சுவரைத் தொலைபேசியில் படம் பிடியுங்கள். தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். பிரதேச செயலகத்துக்கும் தொழில் திணைக்களத்துக்கும் நாம் கொண்டு போவோம். பழைய வெடிப்பு எது, புதிய வெடிப்பு எது என்று இனி நம் கொப்பி சொல்லட்டும்.