ஒப்பரேஷன் முடிந்தாலும் மாத்திரை முடிவதில்லை

நெஞ்சு வலியென்று ஒருவரை இரத்தினபுரிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்புகிறார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து, பைபாஸ் சத்திரசிகிச்சை முடித்து, நெஞ்சில் தையலோடு அவர் தோட்டத்துக்குத் திரும்பி வருகிறார். லயமே கூடி நின்று வரவேற்கிறது. “கண்டம் தப்பியது” என்று எல்லோரும் பெருமூச்சு விடுகிறோம். அத்தோடு அவரது நோயை நாமும் மறந்துவிடுகிறோம், அவரும் மறந்துவிடுகிறார்.

இந்த மறதியைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறோம்.

மண்சரிவு அபாயம் என்று லயத்திலிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்களைப் பாடசாலை மண்டபமொன்றில் சந்தித்தோம். பாய், உலருணவு, பிள்ளைகளின் கொப்பி என்று தேவைகளைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தோம். சுவரோரம் இருந்த பெரியவர் ஒருவரின் நெஞ்சில் நீளத் தழும்பு. “மாத்திரை எடுக்கிறீங்களா ஐயா?” என்று கேட்டோம். “இல்லீங்க. கிளினிக் கொப்பி வீட்டோட மண்ணுக்குள்ள போயிருச்சு. இப்பதான் வலி ஒண்ணும் இல்லையே, மாத்திரை எதுக்குங்க?” என்றார். எமது பட்டியலில் மருந்து என்ற வரியே இருக்கவில்லை என்பது அப்போதுதான் எமக்கு உறைத்தது.

அவரது கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். பைபாஸ் என்பது அடைத்த வாய்க்காலுக்குப் பக்கத்தில் புது வாய்க்கால் வெட்டிவிடுவது போன்றது. காலிலிருந்தோ நெஞ்சுக்குள்ளிருந்தோ ஓர் இரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி இரத்தம் ஓடும்படி பொருத்துகிறார்கள். ஆனால் பழைய வாய்க்காலை அடைத்த வண்டல் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. அந்த வண்டலில் முக்கியமானது எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு. அதைத் தடுக்காவிட்டால் புதிய குழாயும் அடைத்துப்போகும்.

உடம்பிலுள்ள கொலஸ்திரோலில் பெரும்பகுதியைக் கல்லீரலே உண்டாக்குகிறது. ஆகவே வாயைக் கட்டினால் மட்டும் போதாது. கல்லீரலின் அந்த வேலையைக் குறைப்பவைதான் ஸ்டேட்டின் மாத்திரைகள். 1973 இல் யப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ இவற்றில் முதலாவதைப் பூஞ்சணமொன்றிலிருந்து பிரித்தெடுத்தார். 1994 இல் வெளியான ஆய்வொன்றில், வட ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 4,444 இருதய நோயாளர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனிக்கப்பட்டனர். வெறும் மாத்திரை எடுத்த பாதிப்பேரில் 256 பேர் இறந்தனர். சிம்வாஸ்டேட்டின் எடுத்த மறுபாதியில் இறந்தோர் 182 பேர். பைபாஸ் செய்தவர்களிடமே நடத்தப்பட்ட இன்னோர் ஆய்வு 1997 இல் வெளியானது. கெட்ட கொழுப்பை நன்றாகக் குறைத்தவர்களின் புதிய குழாய்களில் நோய் முற்றியவை 27 சதவீதம். ஓரளவே குறைத்தவர்களில் அது 39 சதவீதம். வலி இல்லாத காலத்தில் மாத்திரை செய்யும் வேலை இதுதான்.

அளவு எவ்வளவு? சத்திரசிகிச்சைக்குப் பின் பொதுவாக அட்டோர்வாஸ்டேட்டின் 40 அல்லது 80 மில்லிகிராம், அல்லது ரொசுவாஸ்டேட்டின் 20 மில்லிகிராம் போன்ற கூடிய அளவே கொடுக்கப்படுகிறது. கெட்ட கொழுப்பைப் பாதிக்கு மேல் குறைத்து, 70 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவருவது நோக்கம். 55 க்கும் கீழே இருப்பதே நல்லது என்று ஐரோப்பிய இருதய வைத்தியர் சங்கம் 2019 இல் கூறியது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு அல்ல. வயது, சிறுநீரகத்தின் நிலை, கூட எடுக்கும் மற்ற மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்தே வைத்தியர் தீர்மானிக்கிறார். ரொசுவாஸ்டேட்டின் எம் போன்ற ஆசிய மக்களின் இரத்தத்தில் கூடுதலாகத் தங்குவதால், அதைக் குறைந்த அளவில் தொடங்குவதும் உண்டு. அளவை இரட்டிப்பாக்கினால் கொழுப்பு இரட்டிப்பாகக் குறையாது. மேலதிகமாக ஏறக்குறைய 6 சதவீதமே குறையும். அதனால் எசெட்டிமைப் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் 20 எடுக்கிறாரே, எனக்கேன் 40 என்று மாத்திரையை நாமாக உடைக்கக்கூடாது. ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாக விழுங்கவும் கூடாது.

எம்மவர்கள் மாத்திரையை நிறுத்துவதற்கு மூன்று காரணங்களைக் கேட்டிருக்கிறோம்.

ஒன்று, “இரத்தம் சோதித்தாங்க, கொழுப்பு இறங்கிருச்சு” என்பது. அது இறங்கியது மாத்திரையால். நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழைய அளவுக்கு ஏறிவிடும்.

இரண்டு, உடம்பு வலி. இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் நாளெல்லாம் மலையேறிக் கொழுந்து எடுத்தவருக்கும், விடியலில் றப்பர் பால் வெட்டியவருக்கும் உடம்பு வலிப்பது புதிதல்ல. வலிக்குப் பயந்து ஸ்டேட்டினை விட்டவர்களுக்கு ஒரு மாதம் ஸ்டேட்டினும் ஒரு மாதம் வெறும் மாத்திரையும் மாற்றிமாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020 இல் இலண்டனிலிருந்து வெளியானது. வந்த உபாதையில் ஏறக்குறைய 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் வந்தது. என்றாலும் தசைகள் கடுமையாக வலித்து, பலம் குன்றி, சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வேறு நோய்க்கு மருந்து வாங்கும்போதும் ஸ்டேட்டின் எடுப்பதைச் சொல்லவேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் இதனோடு சேர்ந்தால் ஆபத்து.

மூன்றாவது காரணம் வறுமை. இதுவே பெரியது. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். தெரணியகலையின் மேற்பிரிவிலிருந்தோ இறக்குவானையின் தொங்கலிலிருந்தோ பஸ் பிடித்து வரவேண்டும். வந்தாலும் சில நாட்களில் “மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள்” என்று துண்டு கொடுக்கப்படும். 2022 இல் நாடு டொலர் இல்லாமல் தவித்தபோது இந்தத் துண்டுகள் குவிந்தன. பார்மசியில் வாங்கும்போது பெட்டியின் பெயர் வேறு, மாத்திரையின் நிறம் வேறு. ஒரே மருந்தை இரண்டு பெயரில் வைத்துக்கொண்டு இரண்டையும் விழுங்கியவர்களையும் கண்டிருக்கிறோம். 1971 இல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தபோது, கம்பனியின் பெயரை விட்டு மருந்தின் பெயரைச் சொல்லும் வழக்கமே வற்புறுத்தப்பட்டது. அந்தப் பாடம் இன்றும் எமக்குத் தேவை. பெட்டியின் பெயரை விட்டு மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

இடம்பெயரும்போது இந்தக் கஷ்டங்கள் எல்லாம் ஒன்றாக வந்து சேர்கின்றன. 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தது. 2017 மே மாதம் இரத்தினபுரி நீரில் மூழ்கியது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலைநாட்டையே உலுக்கியது. ஒவ்வொரு முறையும் அரிசியும் பருப்பும் போர்வையும் வந்தன. நெஞ்சில் தழும்போடு வந்தவரின் மாத்திரையைப் பற்றி முதல் நாளில் கேட்டவர் எத்தனை பேர்?

எமது கருத்து இதுதான். பெருஞ்செலவில் இருதயத்தைத் திறந்து சிகிச்சை செய்யும் அரசுக்கு, அந்தச் சிகிச்சையைக் காக்கும் சிறு மாத்திரையை லயம்வரை கொண்டுவருவது பெரிய காரியமல்ல. நிலை சீராக உள்ளவர்களுக்கு இரண்டு மாத மருந்தை ஒரே தடவையில் கொடுக்கலாம். இடையில் தோட்ட டிஸ்பென்சரியில் அல்லது அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் பெற ஒழுங்கு செய்யலாம். மருந்துப் பையில் வேளையும் அளவும் தமிழில் எழுதப்பட வேண்டும். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடங்களிலும் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றும் உரிமை 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தத்தின்படி எமக்குண்டு. அனர்த்த முகாமில் முதல் நாளே நீடித்த நோயாளர் பட்டியல் எடுக்கப்பட வேண்டும். தோட்ட நிர்வாகம் கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டக்கூடாது.

நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். ஒப்பரேஷனுக்கு வீடுவீடாகப் பணம் சேர்த்தோம். அதன்பின் அவர் மாத்திரை எடுக்கிறாரா என்று ஒருநாளும் கேட்கவில்லை. இனி எமது மாதர் சங்கங்களும் இளைஞர் குழுக்களும் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். கிளினிக்குக்குத் தனியே போக முடியாதவரோடு ஒரு பிள்ளை துணைக்குப் போகட்டும்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. கிளினிக் கொப்பியை அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் பையில் வைத்திருங்கள். மருந்து எழுதிய பக்கத்தைப் பிள்ளையின் போனில் படம் எடுத்து வையுங்கள். வீட்டை விட்டு எழும்பச் சொன்னால் அந்தப் பையையும் மாத்திரையையும் முதலில் எடுங்கள். கொப்பி தொலைந்தால் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். ரொட்டியை விடவேண்டியதில்லை. ஆனால் கெட்டித் தேங்காய்ப்பாலையும் பொரியலையும் கருவாட்டு உப்பையும் குறையுங்கள். பீடியையும் புகையிலையையும் விட்டுவிடுங்கள். மீண்டும் நெஞ்சு வலித்தால் 1990 ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அந்தப் பெரியவரைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். புதுக் கொப்பி எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு, “இது எத்தனை நாளைக்குங்க?” என்று கேட்டார். “இருக்கிற காலம் முழுக்க, ஐயா” என்றோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ மாசாமாசம் வரணும்” என்றார். அவர் மாதந்தோறும் வருவதற்கு வழிசெய்வது எம் எல்லோருடைய பொறுப்பு.