ரிட்டையர் ஆனால்தான் என்.ஓ.சி.யா?

பொங்கல் சமயத்தில் ஒரத்தநாடு, பாபநாசம், மன்னார்குடி பக்கம் பஸ்ஸில் போயிருந்தால் டோர்னமென்ட் ஃப்ளெக்ஸ்களைப் பார்த்திருப்பீங்க. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, உபயதாரர் போட்டோ, அடியில் சின்ன எழுத்தில் ஒரு விதி: ஒரே ஊராட்சியைச் சேர்ந்த வீரர்கள் மட்டும், ஆதார் கார்டு கட்டாயம். வெளியூர் பௌலரை இறக்கி கப் அடிப்பதைத் தடுக்கத்தான் இந்த ரூல். ஆனால் அதே டீமில் ஓப்பனிங் இறங்கும் அண்ணன் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பார். கீப்பர் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருப்பார். "நீ வெளியூர்ல சம்பாதிக்கிற, அதனால நம்ம டீம்ல இடமில்லை"ன்னு எந்த விழாக் கமிட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊர்க்காரனா, பந்து போடத் தெரியுமா? அவ்வளவுதான் கேள்வி.

பி.சி.சி.ஐ. கேட்கிற கேள்வி வேற. இந்திய ஆண் கிரிக்கெட் வீரர் ஒருவர் பிக் பாஷ், எஸ்ஏ20, கரீபியன் பிரீமியர் லீக் மாதிரி வெளிநாட்டு டி20 லீக்கில் ஆடவேண்டும் என்றால், முதலில் இந்திய அணி, ரஞ்சி, ஐ.பி.எல். எல்லாவற்றிலிருந்தும் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். அதுவரை போர்டு என்.ஓ.சி. தராது. நம்ம பாஷையில் சொன்னால், இன்டர்ன்ஷிப்புக்கு என்.ஓ.சி. கேட்டு எச்.ஓ.டி. ரூமுக்குப் போறீங்க. "தாராளமா போப்பா, ஆனா முதல்ல டி.சி. வாங்கிக்கோ"ன்னு அவர் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் இது.

அஷ்வினை எடுத்துக்கலாம். நம்ம இனம், எஸ்.எஸ்.என். காலேஜில் பி.டெக். ஐ.டி. படித்தவர். 106 டெஸ்ட், 537 விக்கெட். 2024 டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில் சர்வதேச கிரிக்கெட்டுக்கு விடை சொன்னார். 2025 ஆகஸ்ட் 27 அன்று ஐ.பி.எல்.லுக்கும் விடை சொன்னார். அதன் பிறகுதான் சிட்னி தண்டர் அணி அவரோடு ஒப்பந்தம் போட முடிந்தது. முழங்கால் காயத்தால் அந்த சீசனே ஆட முடியாமல் போனது தனிக்கதை. தினேஷ் கார்த்திக்கும் இதே ரூட்தான். 2024-ல் ஓய்வு, 2025 ஜனவரியில் எஸ்ஏ20-ல் பார்ல் ராயல்ஸ்.

உண்மையைச் சொல்லணும்னா இவங்க ரெண்டு பேருக்காக நான் பெரிசா வருத்தப்படலை. எல்லாம் பார்த்துவிட்டு, எல்லாம் சம்பாதித்துவிட்டுப் போனவர்கள். என் பிரச்சனை உன்முக்த் சந்த் மாதிரி ஆட்கள். 2012 அண்டர்-19 உலகக் கோப்பை ஃபைனலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 111 நாட் அவுட் அடித்து கோப்பையைத் தூக்கிய கேப்டன். இந்திய சீனியர் அணி வாய்ப்பு வரவே இல்லை. 2021-ல், 28 வயதில், இந்தியாவில் ஓய்வு அறிவித்துவிட்டு அமெரிக்கா போனார். 28 வயதில் நம்ம சீனியர்கள் ரெண்டாவது கம்பெனி மாறி, வீட்டு லோன் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்கள். அவர் ரிட்டையர்.

இன்னொரு பக்கம் பிரவீன் தாம்பே. 2019 டிசம்பர் ஏலத்தில் 48 வயதில் கொல்கத்தா அவரை 20 லட்சத்துக்கு எடுத்தது. ஆனால் 2018-ல் எமிரேட்ஸில் டி10 லீக் ஒன்றில் ஆடிவிட்டார் என்பதால் ஐ.பி.எல். கதவு மூடப்பட்டது. 41 வயது வரை ஐ.பி.எல். பக்கமே யாரும் கூப்பிடாத ஒரு ஆள், கடைசியில் கொஞ்சம் சம்பாதிக்கலாம் என்று போனதற்கு அந்தத் தண்டனை.

சரி, வெளிநாடு போனால் ஆட்டம் கெட்டுவிடுமா? அப்படியும் போர்டு நினைக்கவில்லை. கவுன்டி கிரிக்கெட்டுக்குப் போகலாம், தடை இல்லை. 2018-ல் இங்கிலாந்து தொடரின் நடுவில் முரளி விஜயை டீமிலிருந்து தூக்கினார்கள். அவர் எசெக்ஸ் போய் முதல் மேட்ச்சிலேயே 56-ம் 100-ம் அடித்தார். அந்த ஆண்டு கடைசியில் ஆஸ்திரேலியா டூருக்குத் திரும்ப எடுத்தார்கள். 2022-ல் புஜாரா கதையும் அதுதான். சசெக்ஸுக்காக ரெண்டு டபுள் செஞ்சுரி, ஜூலையில் எட்ஜ்பாஸ்டன் டெஸ்ட்டில் மறுபடியும் இந்தியத் தொப்பி. வாஷிங்டன் சுந்தர் லங்காஷயர் போனார், சாய் சுதர்சன் சர்ரே போனார். ஆக வெள்ளை டிரஸ்ஸில் வெளிநாடு போனால் அனுபவம், கலர் டிரஸ்ஸில் போனால் துரோகம்.

இதைவிட வேடிக்கை பெண்கள் அணி. அதே போர்டு, அதே ஆபீஸ், ஆனால் பெண்களுக்கு இந்தத் தடை கிடையாது. ஹர்மன்பிரீத் கௌர் 2016-லேயே சிட்னி தண்டரில் சேர்ந்தார். ஸ்மிருதி மந்தனா, ஜெமிமா, தீப்தி சர்மா என்று வரிசையாக ஆஸ்திரேலிய, இங்கிலாந்து லீக்குகளில் ஆடினார்கள். 2025 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் 338-ஐத் துரத்தி ஜெமிமா 127 நாட் அவுட் அடித்ததை ஹாஸ்டல் டி.வி. ரூமில் கத்திக்கொண்டு பார்த்தோமே, அந்த பௌலர்களில் பலர் அவர் ஆஸ்திரேலிய லீக்கில் பார்த்துப் பழகியவர்கள். அதனால்தான் ஜெயித்தோம்னு நான் அளக்க மாட்டேன். ஆனால் வெளிநாட்டு லீக் போனதால் தேசிய அணி நாசமாகிவிட்டது என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. நவம்பர் 2 அன்று கோப்பையைத் தூக்கினது அவங்கதான்.

இந்தச் சண்டை கிரிக்கெட்டில் புதுசு, ரக்பியில் பழசு. 13 பேர் ஆடும் ரக்பி லீக்கில் இங்கிலாந்தின் நல்ல பிளேயர்கள் பலர் ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல்.லுக்குப் போய்விடுகிறார்கள். காசும் அங்கே, தரமும் அங்கே. சாம் பர்ஜஸ் 2010-ல் போனார். 2014 ஃபைனலின் முதல் மோதலிலேயே கன்ன எலும்பு உடைந்தும் முழு மேட்ச் ஆடி, சிறந்த ஆட்டக்காரர் மெடலை வாங்கினார். இங்கிலாந்து அவரை ஒதுக்கவில்லை. 2017 உலகக் கோப்பை ஃபைனலில் அவரும் இன்னும் சில என்.ஆர்.எல். ஆட்களும் இங்கிலாந்து ஜெர்சியில்தான் இறங்கினார்கள். ஆஸ்திரேலியாவிடம் 6-0 தோல்வி, அவ்வளவு நெருக்கம்.

15 பேர் ஆடும் ரக்பி யூனியனில் கதை வேற. நியூசிலாந்து, உள்நாட்டில் ஆடுபவர்களை மட்டும்தான் தேசிய அணிக்கு எடுக்கும். தென்னாப்பிரிக்கா, ஜப்பானில் ஆடினாலும் பிரான்ஸில் ஆடினாலும் நல்லா ஆடினால் வா என்கிறது. 2023 உலகக் கோப்பை ஃபைனலில் இந்த ரெண்டு டீமும் மோதின. தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. ஒரு பாயின்ட்டை வைத்து தியரம் நிரூபிக்க முடியாது, அதுவும் நியூசிலாந்து கேப்டன் ரெட் கார்டு வாங்கி வெளியே போன மேட்ச். ஆனால் 2019-லும் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குத்தான்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருக்கிறது, அதை மறைத்தால் நான் வாட்ஸ்அப் யுனிவர்சிட்டி ஆயிடுவேன். 2022 டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் அடிலெய்டில் நாம 168 அடித்தோம். பட்லரும் ஹேல்ஸும் விக்கெட்டே விடாமல் முடித்துவிட்டார்கள். ஹேல்ஸ் பிக் பாஷில் ஊறிய ஆள், அந்த கிரவுண்டெல்லாம் அவருக்கு நம்ம காலேஜ் கேன்டீன் மாதிரி. நம்ம ஆட்களையும் அனுப்பலாமே என்று அப்போது ராகுல் டிராவிடிடம் கேட்டார்கள். பிக் பாஷ் நடப்பது நம்ம உள்ளூர் சீசன் உச்சத்தில், அனுப்பினால் ரஞ்சி காலி என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். அது சரிதான். வெஸ்ட் இண்டீஸைப் பாருங்க. நிக்கோலஸ் பூரன் 29 வயதில், 2025-ல், நாட்டுக்காக ஆடுவதையே நிறுத்திவிட்டார். லீக் காசு ஒரு தேசிய அணியைக் கரையானாக அரிக்க முடியும்.

ஆனால் யாரைத் தடுத்தால் ரஞ்சி பிழைக்கும்னு கணக்கு போடுங்க. ஐ.பி.எல்.லில் 10 டீம், ஒரு டீமில் அதிகபட்சம் 25 பேர், அதில் 8 பேர் வரை வெளிநாட்டவர். எட்டு இடமும் நிரம்பினால் மிச்சம் 170 இந்தியர்கள். ரஞ்சியில் 38 டீம். டீமுக்கு 15 பேர் என்று வைத்தாலே 570. ஆக 400 பேருக்கு ஐ.பி.எல். கிடையாது. இவர்களில் புதியவருக்கு ரஞ்சி மேட்ச் ஃபீஸ் நாளுக்கு 40,000 ரூபாய். ஒரு மேட்ச் நான்கு நாள், குரூப்பில் ஏழு மேட்ச், எல்லாவற்றிலும் ப்ளேயிங் லெவனில் இருந்தால் 11 லட்சத்து 20 ஆயிரம். "ப்ராடக்ட் கம்பெனி பேக்கேஜ்டா"ன்னு தோணும். ஆனால் ரெண்டு மேட்ச் சொதப்பினால் பெஞ்ச், பெஞ்சுக்குப் பாதி ஃபீஸ். முழங்கால் போனால் அதுவும் இல்லை. 35 வயதில் முடிந்துவிடும் வேலை. கோலிக்கும் பும்ராவுக்கும் பிக் பாஷ் காசு தேவையே இல்லை. இந்த ரூல் நிஜமாகவே கட்டிப்போடுவது இந்த 400 பேரை. அவர்கள் பெயர் ஐ.பி.எல். ஏலத்திலும் வராது, இந்திய அணிப் பட்டியலிலும் வராது. எந்த செலக்ஷனைக் காப்பாற்ற அவர்களைத் தடுக்கிறோம்?

நம்ம டெல்டாவிலிருந்தே பார்க்கலாம். கோடியக்கரை முனையில் நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயரில் ஒரு டீம் இருக்கிறது. 2020, 2021, 2022, 2024 என்று நான்கு முறை கப் அடித்த டீம். (மேட்ச் நடப்பது கொழும்பு, தம்புள்ளை, பல்லேகலேயில், அது வேற வருத்தம்.) அந்த டீமில் 2020-ல் ஆடத் தொடங்கிய யாழ்ப்பாணத்துப் பையன் விஜயகாந்த் வியாஸ்காந்த், லெக் ஸ்பின்னர். 2024-ல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் ஜெர்சியில் ஐ.பி.எல். ஆடினார். சந்தோஷம். ஆனால் டி.என்.பி.எல்.லில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற திருச்சி, தஞ்சாவூர்ப் பையன் அந்தக் கடலைத் தாண்டி யாழ்ப்பாண டீமுக்கு ஆட முடியாது. 2024-ல் அந்த லீக் நடந்தது ஜூலையில். அப்போது ரஞ்சியும் கிடையாது, ஐ.பி.எல்.லும் கிடையாது.

காசு மட்டும் தாராளமாகக் கடல் தாண்டுகிறது. எஸ்ஏ20-ன் ஆறு டீமுமே ஐ.பி.எல். உரிமையாளர்கள் கையில். நம்ம மஞ்சள் டீம்காரர்களுக்கு ஜோகன்னஸ்பர்க்கிலும் ஒரு சூப்பர் கிங்ஸ், டெக்ஸாஸிலும் ஒரு சூப்பர் கிங்ஸ். சேப்பாக்கத்தில் நாம விசில் அடித்த காசு டல்லாஸ் போகலாம். சேப்பாக்கத்தில் நெட் பௌலிங் போடுகிற பையன் போகக்கூடாது. தேசிய அணியைக் காப்பாற்றுகிற ரூல் என்று இதைச் சொன்னால் நான் நம்ப மாட்டேன். இந்திய முகங்கள் ஐ.பி.எல்.லில் மட்டும்தான் தெரியணும் என்கிற ரூல். 2023 முதல் 2027 வரைக்கான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போன ஒரு சரக்கை யாரும் பக்கத்துக் கடைக்குக் கொடுக்க மாட்டார்கள். வியாபாரமாகப் புரிகிறது. அதை தேசபக்தி கவரில் போட்டு விற்பதுதான் கடுப்பு.

இந்தக் கதவை நம்பாமல் வேற வழியில் போனவர் சௌரப் நேத்ராவல்கர். 2010-ல் இந்திய அண்டர்-19, மும்பைக்கு ரஞ்சி. கையில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் டிகிரி. வாய்ப்பு நீளாது என்று தெரிந்ததும் 2015-ல் கார்னெலில் எம்.எஸ்., அப்புறம் ஆரக்கிள் வேலை. 2024 டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான சூப்பர் ஓவரை அமெரிக்காவுக்காகப் போட்டு ஜெயித்தார். அடுத்த வாரம் நியூயார்க்கில் கோலியை முதல் பந்திலேயே அவுட் ஆக்கினார், ரோஹித்தையும் எடுத்தார். நம்மில் பாதிப் பேர் ஜி.ஆர்.இ. புக்கோடு திரிகிறோம், நம்மை யாரும் நாட்டை விட்டு ஓய்வு பெறச் சொல்வதில்லை. நேத்ராவல்கருக்கு டிகிரி இருந்தது. பிளஸ் டூவோடு கிரிக்கெட்டே கதி என்று இறங்கிய பையனுக்கு அந்த ரூட்டும் இல்லை.

எல்லா வாசலையும் திறந்துவிடச் சொல்லவில்லை. போர்டின் வருடாந்தர கான்ட்ராக்ட்டும் ஐ.பி.எல். கான்ட்ராக்ட்டும் இல்லாதவர்களுக்கு மட்டும், ஜூன் முதல் செப்டம்பர் வரை நடக்கும் லீக்குகளுக்கு என்.ஓ.சி. கொடுக்கட்டும். அமெரிக்க லீக், கரீபியன் லீக் எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் வருகிறது. பிக் பாஷும் எஸ்ஏ20-ம் ரஞ்சி நேரத்தில் வருவதால் அதற்குத் தடை இருந்துவிட்டுப் போகட்டும், டிராவிட் சொன்ன பயமும் தீரும். டிரென்ட் போல்ட் 2022-ல் நியூசிலாந்து போர்டின் கான்ட்ராக்ட்டையே திருப்பிக் கொடுத்துவிட்டு லீக் ஆடப் போனார். அப்படியும் அந்த ஆண்டு டி20 உலகக் கோப்பைக்கும் 2023 உலகக் கோப்பைக்கும் அவரை எடுத்தார்கள், ஏன்னா அவர் நல்ல பௌலர். அந்தத் தாராளம்கூட நான் கேட்கவில்லை. செப்டம்பர் கடைசியில் ஸ்டேட் கேம்ப்புக்கு வரலைன்னா அந்த சீசன் ரஞ்சி செலக்ஷன் கிடையாது என்று என்.ஓ.சி.யில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும். அதில் கையெழுத்துப் போட 400 பேரும் க்யூவில் நிற்பார்கள்.