எல்லை தாண்டி ஓர் ஓட்டம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

'வெளிநாடு' என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரே பொருள்தான் உண்டு. அது சம்பாத்தியம். வெளிநாடு போனவன் என்றால் ஏஜெண்டுக்குப் பணம் கட்ட நிலத்தை அடகு வைத்தவன். மூன்றாண்டுக்கு ஒருமுறை பெட்டியும் கம்பளிப் போர்வையுமாக வந்து இறங்குகின்றவன். என் சித்தப்பா ஏழாண்டு மஸ்கட்டில் இருந்தார். அங்கே என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்டால், "கட்டடம்" என்பார். கட்டியவரே அவர்தாம், வேறு எதைப் பார்த்திருக்க முடியும்?

பார்ப்பதற்காக, பழகுவதற்காக, விளையாடுவதற்காக ஒருவன் நாட்டின் எல்லையைக் கடப்பது என்பது வசதி படைத்தோர் வீட்டுப் பேச்சாகவே இருந்து வருகின்றது. அதை நம் வீட்டுப் பேச்சாகவும் ஆக்கவேண்டும் என்பதே என் கருத்து. அதற்கு நான் காட்டும் வழி மராத்தான் ஓட்டம். நாடு, நேபாளம்.

"பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவது?" என்று நண்பர்கள் உடனே கேட்பார்கள். வேண்டியதில்லை நண்பர்களே! நேபாளம் செல்லும் இந்தியக் குடிமகனுக்கு விசா கிடையாது. பாஸ்போர்ட் இல்லையென்றால் வாக்காளர் அடையாள அட்டை போதும். 1950 ஜூலை 31-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட நட்புறவு ஒப்பந்தம், ஒரு நாட்டார் மற்ற நாட்டில் சென்று வரவும், குடியிருக்கவும், தொழில் செய்யவும் இடமளித்தது. சுமார் 1,750 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த எல்லையில் காவலர்கள் உண்டு, சோதனையும் உண்டு. ஆனால் சாதாரண மனிதன் நடந்தே கடக்கலாம். பதினெட்டு வயதானதும் அரசாங்கம் ஓட்டுக்காகக் கொடுத்த அட்டை, ஓட்டத்துக்கும் உதவுகின்றது!

சென்ற ஆண்டு நானும் என் வகுப்புத் தோழர் இருவரும் இவ்வாறு சென்று வந்தோம். சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு நாள். அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி. சுனௌலியில் ஒரு வாசல் இருக்கின்றது. இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் நேபாளம். சைக்கிள் ரிக்‌ஷா போகின்றது, காய்கறிக் கூடை போகின்றது, பள்ளிப் பிள்ளைகள் போகின்றார்கள். காவலர் என் அட்டையை வாங்கிப் பார்த்தார், அதிலிருந்த தமிழ் எழுத்துகளைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார், "மதராஸ்?" என்றார். "ஆம்" என்றேன். அவ்வளவுதான். வாசலைத் தாண்டியதும் கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தோம். நம் நூறு ரூபாய் அங்கே நூற்று அறுபது ரூபாய். கையில் இருந்த பணம் ஒன்றும் செய்யாமலே பெருகியதை என் ஆயுளில் அன்றுதான் கண்டேன்.

காத்மாண்டில் நாங்கள் ஓடிய ஓட்டத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. 42.195 கிலோமீட்டரை நான்கு மணி முப்பத்தெட்டு நிமிடத்தில் முடித்தேன். பெருமை பேசுகின்ற நேரமன்று. இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அந்நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. காற்றில் ஆக்சிஜன் அங்கும் 21 விழுக்காடுதான். ஆனால் காற்றழுத்தமே கடல்மட்டத்தில் உள்ளதில் 85 விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகின்றது. வகுப்பில் பகுதி அழுத்தம் என்று நாம் படித்ததை அங்கே என் விலா எலும்புகளே எனக்கு நடத்திக் காட்டின. பேராசிரியர் அவர்கள் மன்னிக்கவேண்டும். வகுப்பில் இவ்வளவு தெளிவாகப் புரியவில்லை.

எல்லை தாண்டி ஓடுவது நமக்குப் புதிதாக இருக்கலாம், நேபாளத்தாருக்குப் புதிதன்று. பைகுண்ட மானந்தர் என்று ஒரு வீரர். 1976 மாண்ட்ரியால், 1980 மாஸ்கோ, 1984 லாஸ் ஏஞ்சல்ஸ், 1988 சியோல் என்று நான்கு ஒலிம்பிக் மராத்தான்களில் ஓடியவர். 1984-இல் காத்மாண்டில் நடந்த முதல் தெற்காசியப் போட்டியில் தங்கம் வென்றார். சொந்த மண், சொந்த மக்கள். வென்றதில் வியப்பில்லை என்பீர்கள். 1985-இல் டாக்காவுக்குப் போய் வென்றார். 1987-இல் கல்கத்தாவுக்கு வந்து, 2 மணி 15 நிமிடம் 3 வினாடியில் ஓடி, மூன்றாம் முறையும் வென்றார்! தம் வாழ்வின் மிகச் சிறந்த ஓட்டத்தை அவர் ஓடிக் காட்டியது நம் நாட்டுச் சாலையில். நம் பக்கத்தில் பீகாரின் பக்சரைச் சேர்ந்த சிவநாத் சிங் 1978-இல் ஜலந்தரில் ஓடிய 2 மணி 12 நிமிடம், நாற்பதாண்டுகளுக்கு மேலாக முறியடிக்க ஆளின்றி நின்றது. காலணி இல்லாமல் ஓடிப் பெயர் பெற்றவர் அவர். கருவிகள் வேண்டாத இவ்விளையாட்டு யாருக்கு உரியது என்பதற்கு இன்னும் சான்று வேண்டுமா?

ஆனால் இன்று மராத்தான் என்றதும் நினைவுக்கு வருவது விலையுயர்ந்த காலணியும் கைக்கடிகாரமும்தான். நேபாளத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கின்றது. டென்சிங்கும் ஹில்லரியும் சிகரம் ஏறிய ஐம்பதாம் ஆண்டான 2003 முதல், மே 29 அன்று எவரெஸ்ட் அடிவார முகாமிலிருந்து நாம்சே பஜார் வரை ஓர் மராத்தான் நடக்கின்றது. 5,364 மீட்டரில் தொடங்கி 3,440 மீட்டரில் முடிகின்ற ஓட்டம். அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய பாதிதான். ஆகவே பல நாள் நடந்து, உடலைப் பழக்கி, கூடாரத்தில் தங்கித்தான் ஓட முடியும். வெளியூர்க்காரர் அதற்கெல்லாம் சேர்த்துக் கட்டவேண்டிய தொகையைக் கேட்டால் நமக்கு மூச்சு இங்கேயே முட்டும்! இத்தனை செலவழித்து வருகின்றவர்களை, அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் முந்திச் செல்கிறார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு. நான் சொல்வது அந்த ஓட்டத்தை அன்று. ஊர்ச் சாலையில், ஊர் மக்களோடு ஓடுகின்ற ஓட்டத்தை.

நிற்க. உலகில் எல்லா எல்லைகளும் இப்படியா இருக்கின்றன? அமெரிக்காவின் டெட்ராய்ட் மராத்தான் பாலத்தின் வழியே கனடாவுக்குள் புகுந்து, ஆற்றுக்கு அடியிலுள்ள சுரங்கப்பாதை வழியே திரும்புகின்றது. ஓடுகின்றவர் பயண ஆவணத்தை உடம்போடு சுமந்தே ஓடவேண்டும். கொரோனாக் கட்டுப்பாட்டால் 2021-இல் கனடாப் பகுதியே நீக்கப்பட்டது. பாலஸ்தீனத்தின் பெத்லகேமில் 2013-இல் தொடங்கிய மராத்தானில், தடையில்லாமல் ஓட 42 கிலோமீட்டர் சாலை கிடைக்காததால், அதே பாதையைத்தான் மீண்டும் மீண்டும் ஓடுகின்றார்கள். காசாவைச் சேர்ந்த ஒலிம்பிக் வீரர் நாதர் அல் மஸ்ரி அதில் ஓட 2014-இல் இஸ்ரேல் அனுமதி மறுத்தது. அடுத்த ஆண்டு அனுமதி கிடைத்தது. ஓடினார், முதலாவதாக வந்தார். இவற்றையெல்லாம் படித்தபின், சுனௌலி வாசல் எவ்வளவு பெரிய சொத்து என்று தோன்றுகின்றது. அதுவும் என்றைக்கும் திறந்தே இருக்கும் என்று எண்ணவேண்டாம். 2015 செப்டம்பர் முதல் சில மாதங்கள் எல்லையில் சரக்கு லாரிகள் நின்று, நேபாளத்தில் எரிபொருளுக்கும் மருந்துக்கும் பஞ்சம் ஏற்பட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லையே மூடப்பட்டது.

இத்திட்டத்தை நான் வீட்டில் சொன்னபோது என் தாயார் கேட்ட கேள்வி: "அங்க போயி ஓடுனா என்னப்பா குடுப்பாங்க?" பதக்கம் கொடுப்பார்கள் என்றேன். "தங்கமா?" என்றார். தகரம் என்று சொல்ல மனம் வரவில்லை. "ஓடி முடிச்சவங்க எல்லாருக்கும் உண்டும்மா" என்றேன். அந்தக் கேள்வியை நான் ஏளனம் செய்ய மாட்டேன். கூலி வாங்காமல் வேர்வை சிந்துவது எங்கள் குடும்பத்தில் எவருக்கும் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அடுத்து மிதிக்கவேண்டியது அலுவலக வாசல்தான் என்று அவர்கள் நினைப்பது இயல்பே. ஆனால், கூலிக்காகவே எல்லை கடக்கின்ற வழக்கத்தை யாராவது ஒருவர் மாற்றித்தானே ஆகவேண்டும்?

சுனௌலியில் நாங்கள் அந்தப் பக்கம் நடந்தபோது, இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்தேன். பெரும்பாலும் எங்கள் வயது. தோளில் பை, சுருட்டிய படுக்கை, புதிதாக வாங்கிய செருப்பு. டில்லிக்கும் பம்பாய்க்கும் நம் சென்னைக்கும் வேலை தேடி வருகின்றவர்கள். இரவில் நம் தெருவில் தடியைத் தட்டிக்கொண்டு விசில் ஊதிச் செல்கின்றாரே, மாதம் பிறந்ததும் வாசலில் நின்று சலாம் வைத்தால் சில்லறை கொடுக்கிறோமே, அவரும் ஒரு நாள் இப்படி ஒரு வாசலைக் கடந்து வந்தவர்தாம். அந்த இளைஞர்கள் முகத்தில் என் சித்தப்பாவின் முகத்தைத்தான் கண்டேன். அவர்கள் நம் தெருவைக் காக்க வருகிறார்கள். நாம் அவர்கள் தெருவில் ஓடப் போவதில் என்ன சமத்துவம் இருக்கின்றது என்று யாராவது கேட்டால், என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஆனால் போய்வந்த பிறகு எங்கள் தெருக் காவலரிடம் அவருடைய ஊர்ப் பெயரைக் கேட்டேன். நான்காண்டுகளாக அவரை எனக்குத் தெரியும். அன்றுதான் கேட்கத் தோன்றியது. பொக்காரா பக்கம் என்றார். நாங்கள் பஸ்ஸில் போன சாலையைப் பற்றி அரைமணி நேரம் விசாரித்தார். எங்கே நிலச்சரிவு, எந்த இடத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தினான், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்றெல்லாம்.

இனி வேண்டுகோள். பல்கலைக்கழகப் போட்டிக்குச் செல்லும் மாணவனுக்கு வருகைப்பதிவில் சலுகை உண்டு. அண்டை நாட்டு மராத்தானில் தானே பெயர் கொடுத்து ஓடுகின்றவனுக்கு இல்லை. விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது. 'சொந்த வேலை' என்றுதான் எழுதவேண்டியிருந்தது. போகவர ஆறு நாள், அங்கே நான்கு நாள். விடுமுறையில் அமையாவிட்டால் பத்து நாள் வருகைப்பதிவு போய்விடும். விளையாட்டு நிதியிலிருந்து ஆண்டுக்கு இருவருக்கு ரயில் கட்டணமும், அந்நாட்களுக்கு வருகைப்பதிவும் தந்தால் போதும். காலணி வேண்டுமென்று கேட்கவில்லை.

அடுத்த ஓட்டத்துக்கு உடற்கல்வி இயக்குநர் அவர்களிடம் பெயர்ப்பட்டியல் ஒன்று கொடுத்திருக்கிறோம். இதுவரை ஏழு பேர். அவர்களில் இருவர் முதலாண்டு மாணவியர். மூவருக்கு இன்னும் வாக்காளர் அட்டை வரவில்லை.