ஏழாம் வகுப்புக்கு ஓட்டுரிமை

சில வருடங்களுக்கு முன்பு புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ‘நூல் அறிமுகப் போட்டி’க்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே அச்சில் வார்த்தது போலப் பேசினார்கள். ஆசிரியர் பெயர், பக்க எண்ணிக்கை, விலை, அப்புறம் “இந்நூல் நமக்கு உணர்த்தும் நீதி யாதெனில்.”

நடுவில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். “மொத முப்பது பக்கம் போர். அதுல ஒரு தாத்தா அட்வைஸ் பண்ணிக்கிட்டே இருப்பாரு, தள்ளிட்டுப் படிங்க. ஆனா கெணத்துக்குள்ள எறங்குற எடம் ஒண்ணு இருக்கு. அதுக்காகவே படிக்கலாம். பயப்படுறவங்க ராத்திரியில படிக்காதீங்க.” அவ்வளவுதான். அரங்கம் சிரித்தது. கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்து, “புக்கு பேரு இன்னொரு வாட்டி சொல்லு” என்றான்.

என் கையிலிருந்த தாளில் நான்கு கட்டங்கள்: உச்சரிப்பு, மனப்பாடம், நற்கருத்து, நேரம். நற்கருத்துக்கு அவளுக்கு நான் பத்துக்கு இரண்டு போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. அன்று ஒரு புத்தகத்தை இன்னொரு பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள் ஒருத்திதான் என்பது வண்டியை எடுக்கும்போதுதான் உறைத்தது. அதற்குள் கோப்பை வேறு கைக்குப் போயிருந்தது.

தமிழில் சிறார் புத்தகத்தை எழுதுவது நாம். அச்சிடுவது, வாங்குவது, விமர்சிப்பது, விருது கொடுப்பது எல்லாமும் நாமே. சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் தருகிறது. 2011இல் நம்மூர் ம.இலெ. தங்கப்பா ‘சோளக்கொல்லை பொம்மை’க்காக வாங்கினார். 2020இல் யெஸ். பாலபாரதி, 2023இல் உதயசங்கர், 2025இல் விஷ்ணுபுரம் சரவணன். தகுதியான ஆட்கள்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு பன்னிரண்டு வயதுக்காரரிடமாவது “உனக்குப் பிடிச்சிருந்ததா?” என்று கேட்டு விருது முடிவானதா? நாம் பேசுகிற எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குத் தமிழில் ஒழுங்கான பெயர்கூட இல்லை. படம் பார்க்கிற நாலு வயதும் மீசை அரும்புகிற பதினைந்தும் ‘சிறார்’ என்ற ஒரே மூட்டைக்குள் கிடக்கின்றன.

பிரெஞ்சுப் பெருமை பேசாத புதுச்சேரிக்காரன் உண்டா? போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி, தெருப் பலகையில் ‘ரூ’, பேக்கரியில் குரோசான். அதே பிரான்சில் 1988இல் இரண்டு காரியங்கள் நடந்தன. கோன்கூர் விருதுக்கான பட்டியலில் உள்ள நாவல்களை உயர்நிலைப் பள்ளி மாணவர்களே படித்து, தனியாக ஒரு விருது கொடுக்கத் தொடங்கினார்கள். இப்போது வருடத்துக்கு ஏறத்தாழ 2000 மாணவர்கள் அதில் வாசிக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தொடங்கிய இன்னொரு விருதின் பெயர் ‘லெஸ் ஆங்கொருப்தீப்ல்’. விலைபோகாதவர்கள் என்று அர்த்தம். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலம் 1952லேயே பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுப்போடும் விருதை ஆரம்பித்துவிட்டது. முதல் பட்டியலை அங்கேயும் பெரியவர்கள்தான் போடுகிறார்கள். கடைசி வார்த்தை பிள்ளைகளுடையது. நமக்குத் தொப்பி வந்து சேர்ந்தது, இது வரவில்லை.

பக்கத்துத் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளின் ‘வாசிப்பு இயக்கம்’ குட்டிப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துக் கொடுக்கிறது. நல்ல வேலை. நிலை என்பது எழுத்துக் கூட்டிப் படிக்கும் திறனைச் சொல்லும். எந்தக் கிணற்றுக்குள் இறங்கப் பிடிக்கும் என்பதை இன்னொரு பிள்ளைதான் சொல்ல முடியும்.

உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். “பசங்க கையில விட்டா எல்லாரும் விம்பி கிட்தான் சொல்லுவாங்க.” சொல்லட்டுமே! அந்தப் புத்தகத்தில் பையன் தன் வாயாலேயே தன் அசட்டுத்தனத்தைச் சொல்கிறான், பெரியவர்கள் கோமாளிகளாக வருகிறார்கள். நம் சிறார் கதைகளில் தப்புப் பண்ணுகிற, முட்டாளாகிற தாத்தா எத்தனை பேர்? பிள்ளைகளின் பரிந்துரை நமக்கு வருகிற புகார்க் கடிதமும்தான். எங்கள் தொழிலில் பயனர் சொல்லும் குறையைப் படிக்காமல் அடுத்த வெர்ஷனை விட்டால் வேலை போய்விடும்.

“நல்லது கெட்டது அவங்களுக்குத் தெரியாதே” என்பது அடுத்தது. பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலைப் பற்றிப் பேசுகிறது. அதை ஆசிரியர் கொடுத்தால் பாடம். அப்பா கொடுத்தால் சங்கடம், “எதுக்கு இதைக் குடுக்குறாரு?” என்று பிள்ளை யோசிக்கும். பக்கத்து பெஞ்சுக்காரி பைக்குள் வைத்துக் கொடுத்து “படிச்சுட்டுக் குடுடி” என்றால் அந்தப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும். ஒருவேளை திருப்பிக் கொடுக்கும்போது எதையாவது சொல்லவும் செய்யும். அந்தப் பாதையைத்தான் நாம் மதிப்பெண் போட்டு அடைக்கிறோம்.

பாரதி பூங்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது ரோமன் ரோலண்ட் நூலகம், 1827இல் தொடங்கியது. சின்ன வயதில் எந்த நூலகத்துக்குப் போனாலும் நான் அட்டையைப் பார்க்க மாட்டேன். பின்னாலிருந்து திறந்து, தேதி முத்திரை குத்துகிற தாளைப் பார்ப்பேன். முத்திரை நெருக்கமாக இருந்தால் எடுப்பேன். எனக்கு முன்னால் யாரோ பசங்க படித்திருக்கிறார்கள், அது போதும். ‘இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்’ என்று அமேசான் சொல்கிற வித்தை அடிப்படையில் இதுதான், கணக்குத்தான் பெரிசு.

அந்தத் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டுவதற்குப் பெரிய செலவில்லை. படித்த பிள்ளை ஒரு வரி எழுதட்டும். பேர் வேண்டாம், கையெழுத்து அழகாக இருக்க வேண்டாம். “எடுக்காத, செம போர்” என்பதற்கும் அதில் இடம் வேண்டும். இல்லாவிட்டால் “சூப்பர்” என்பதை யாரும் நம்ப மாட்டார்கள். எழுத்தாளர் நண்பர்களுக்கு வலிக்கும். எனக்கும்தான், நான் எழுதியதைப் பற்றி ஒரு பத்து வயது சொல்லப்போவதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

இந்த வருடம் வேறொரு பள்ளியிலிருந்து நடுவராக வரச்சொல்லி போன் வந்தது. ஏழாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரையும் நடுவர் நாற்காலியில் உட்கார வையுங்கள், நற்கருத்துக் கட்டத்தை எடுத்துவிடுங்கள், வருகிறேன் என்றேன். “பாத்துட்டுச் சொல்றோம் சார்” என்றார்கள். இன்னும் சொல்லவில்லை.