தபசு காலம்

சங்கரன்கோவில் ஜனங்களுக்குத் தபசு என்ற சொல்லின் பொருளை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஹரியும் ஹரனும் ஓருருவாய் நிற்பதைக் காணக் கோமதியம்மை புன்னைவனத்தில் தவமிருந்த வரலாற்றை ஆண்டுதோறும் ஆடித் தபசாகக் கொண்டாடும் ஊர் அது. அதே சொல்லைக் கத்தோலிக்கக் கிறிஸ்தவ சகோதரர்களும் தங்கள் நாற்பது நாள் நோன்புக்கு வழங்கி வந்தார்கள் என்பதை நாற்பது வயது கடந்த பின்னரே நாம் அறிந்தோம். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலக் கலாசாலையில் வாசித்தோம், வக்கீல் தொழிலும் பார்த்தோம். பெரிய வெள்ளியன்று கோர்ட்டு கிடையாது என்பது மட்டும் நமக்கு நன்றாய்த் தெரியும்!

இந்நோன்பு விபூதிப் புதனன்று தொடங்குகிறது. சென்ற வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலைக் குருமார் நெற்றியில் இடுவர். ஈஸ்டருக்கு முன்தினம் வரை நாட்கள் 46. ஞாயிறு ஆறும் நீங்கலாக நாற்பது. முன்னாளில் உபவாச விதி மிகக் கடுமை. 1966-இல் போப்பாண்டவர் ஆறாம் பவுல் அதைத் தளர்த்தினார். இப்பொழுது விபூதிப் புதனும் பெரிய வெள்ளியுமே கட்டாய உபவாச நாட்கள். 18 வயது முதல் 59 வரை உள்ளோர் அன்று ஒருவேளையே முழு உணவு கொள்வர். ஜெபம், உபவாசம், தர்மம் மூன்றும் சேர்ந்ததே தபசு. வயிற்றில் மிச்சம் பிடித்தது ஏழையின் கைக்குப் போக வேண்டும்.

இதைப் படித்தபோது நம் வீட்டு விரதங்கள் நினைவுக்கு வந்தன. ஏகாதசிப் பலகாரத்துக்கு ஆகும் செலவு சில வீடுகளில் அன்றாடச் சாப்பாட்டை விஞ்சுகிறது. ஏழைக்கு அதில் பங்கு என்ன?

2025-ஆம் வருஷம் பிப்ரவரி 26-இல் சிவராத்திரி. மார்ச்சு 2-இல் நம் நாட்டில் ரம்ஜான் நோன்பு. மார்ச்சு 5-இல் விபூதிப் புதன். ஒரே தெருவில் மூவர் ஒரு வார இடைவெளியில் பசித்திருந்தனர். ஒருவர் பசி மற்றவருக்குத் தெரிந்ததா?

அந்தச் சாம்பல் சகல நெற்றிக்கும் ஒன்றுதான். ஆனால் வடக்கன்குளம் ஆலயத்தில் அதை ஏற்றவர்கள் ஜாதிச் சுவருக்கு இப்புறமும் அப்புறமுமாக நின்றார்கள். 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. இடித்தது தவறென்று வழக்காடியவர்கள் சென்னை ஹைக்கோர்ட்டு வரை சென்று தோற்றார்கள். அவர்களை நாம் ஏளனம் செய்வதற்கில்லை. மதுரை மீனாட்சி ஆலயத்தினுள் தாழ்த்தப்பட்ட மக்கள் பிரவேசித்தது 1939 ஜூலை 8-ஆம் தேதிதான்.