எங்கப்பா இன்சூரன்ஸ் எடுக்காதது சோம்பேறித்தனமா?

போன வாரம் ஒரு ரீல்ஸ் எல்லா குரூப்லயும் சுத்துச்சு. கோட் சூட் போட்ட ஒரு நிதி ஆலோசகர். மாசம் ரெண்டு பிரியாணி காசை எடுத்து வைக்காம குடும்பத்தை ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்துறவன் பொறுப்பில்லாதவனாம். கீழே நம்ம ஆளுங்களே நாலு பேர் "கரெக்ட் ப்ரோ"ன்னு கமெண்ட்.

கரெக்ட் இல்லை தோழர்களே. கொஞ்சம் கணக்கு பார்ப்போம்.

எங்கப்பா அம்பத்தூர் பக்கம் சின்னதா லேத் பட்டறை வச்சிருக்கார். வயசு 58. பத்து வருஷமா சுகர். எல்லாம் போக கையில் நிக்கிறது மாசம் 25 ஆயிரம். அவருக்கு முதலாளி கிடையாது, ஹெச்ஆர் கிடையாது, அதனால கம்பெனி இன்சூரன்ஸும் கிடையாது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கே? இருக்கு. நல்ல திட்டம், எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கு. ஆனா குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். அதாவது மாசம் பத்தாயிரம். முன்னாடி 72,000-ஆக இருந்ததை உயர்த்தினாங்க, இன்னும் உயர்த்தணும். இதை எந்தக் கட்சி ஆட்சியில இருந்தாலும் கேட்போம். இஎஸ்ஐ? 21,000 சம்பளத்துக்கு மேல போனா கிடையாது. 2017-ல போட்ட வரம்பு அது. அப்போ வித்த அரிசி விலையும் இப்போ விக்கிற விலையும் உங்களுக்கே தெரியும். என் முதல் வேலையில சம்பளம் 24,000. அதனால எனக்கும் இஎஸ்ஐ இல்லை.

ஏழைன்னா திட்டம் இருக்கு. பெரிய வேலைன்னா கம்பெனி பார்த்துக்கும். நடுவுல நிக்கிறவன்? லேத் பட்டறைக்காரர், டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுறவர், ட்யூஷன் எடுக்குற அக்கா, ஸ்விக்கி தம்பி? 2021 அக்டோபர்ல நிதி ஆயோக்கே இவங்களைப் பத்தி ஒரு அறிக்கை விட்டுச்சு. குறைஞ்சபட்சம் 30 சதவீத மக்கள், சுமார் 40 கோடி பேர், எந்தக் காப்பீடும் இல்லாம நடுவுல விடுபட்டு நிக்கிறாங்கன்னு எழுதினது எதிர்க்கட்சி இல்லை, ஒன்றிய அரசோட சொந்த அமைப்பு. அரசுத் திட்டத்துலயும் இஎஸ்ஐ-லயும் இவங்க விருப்பப்பட்டு பணம் கட்டிச் சேர வழி விடலாம்னு யோசனையும் அதே அறிக்கையில இருக்கு. இலவசம் கூட கேட்கலை, காசு கட்டுறோம்னுதான் சொல்றோம். அந்தக் கதவு இன்னைக்கு வரைக்கும் எங்கப்பாவுக்குத் திறக்கலை.

70 வயசு தாண்டினா வருமானம் பார்க்காம 5 லட்சம்னு 2024 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க. சந்தோஷம். எங்கப்பா இன்னும் 12 வருஷம் நோய் வராம பார்த்துக்கணும், அவ்வளவுதான்.

சரி, கடைக்குப் போய் வாங்குவோம்னு போனோம். கதை அங்கதான் ஆரம்பிக்குது.

2024-ல என் கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினொரு பேரை வீட்டுக்கு அனுப்புச்சு. அதுல நானும் ஒருத்தன். அப்பா அம்மாவையும் சேர்த்து கம்பெனி பாலிசியில போட்டிருந்தேன். கடைசி வேலை நாளோட அதுவும் போச்சு. குழு பாலிசியில இருந்து வெளியே வர்றவங்க அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாறிக்கலாம், அதுவரைக்கும் காத்திருந்த காலத்தையும் கணக்குல எடுத்துக்குவாங்கன்னு ஐஆர்டிஏஐ விதி இருக்கு. கவர் முடியுறதுக்கு முன்னாடியே கேட்கணும். எனக்கு யாரும் சொல்லலை. ஐடி கார்டையும் லேப்டாப்பையும் வாங்கி வைக்கிறதுல காட்டின அக்கறையில பாதி காட்டியிருந்தா போதும். வேலை போற நிலைமையில இருக்குற தோழர்கள் இந்த ஒரு பாராவை மட்டுமாவது சேவ் பண்ணி வச்சுக்கோங்க.

புதுசா எடுக்கப் போனா, சுகர்னு எழுதினதும் ஒரு கம்பெனி பதிலே சொல்லலை. இன்னொண்ணு, அப்பா அம்மாவுக்குச் சேர்த்து 5 லட்சத்துக்கு, லோடிங் எல்லாம் போட்டு 36,000 கேட்டுச்சு. மாசத்துக்கு 3,000. ஆலோசகர் சார், ரெண்டு பிரியாணி 3,000-க்கு எந்த ஓட்டல்ல விக்கிறாங்க? அட்ரஸ் குடுங்க.

அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. 6,480 ரூபாய். நோய் வருமோன்னு பயந்து கட்டுற காசுக்கு வரி! நாங்க கட்டினது ஜூன்ல. ஜூலைல நிதின் கட்கரி, அவங்க அமைச்சரவையிலயே இருக்குறவர், இந்த வரியை எடுங்கன்னு நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதினார். எடுத்தது எப்போ? 2025 செப்டம்பர் 22. 2017 ஜூலைல இருந்து எட்டு வருஷத்துக்கு மேல வசூல் பண்ணிட்டு, எடுத்த அன்னைக்கு அதைப் பண்டிகைப் பரிசுன்னு விளம்பரம். பாக்கெட்ல இருந்து எடுத்ததை நிறுத்தினதுக்குப் பேர் பரிசா? (ஜிஎஸ்டிக்கு முன்னாடி சேவை வரி 15 சதவீதம் இருந்துச்சேன்னு கமெண்ட்ல வருவாங்க. ஆமா, இருந்துச்சு. அதுவும் தப்புதான்.)

வருமான வரியில 80டி கழிவு இருக்கேன்னு ஒரு அண்ணன் கேட்டார். புது வரி முறையில அது கிடையாதுண்ணே. எல்லாரையும் தள்ளிவிடுறது அந்தப் புது முறைக்குத்தான்.

இப்போ ஏஜென்ட் சொல்லாததைச் சொல்றேன். எங்ககிட்ட வந்தவர், "சுகரை எழுதாதீங்க தம்பி, பிரீமியம் குறையும்"னார். தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. மறைச்சது தெரிஞ்சா கிளெய்ம் போயிடும், பாலிசியே ரத்தாகும், ஏஜென்ட் போன் எடுக்க மாட்டார். சொல்லிட்டு எடுத்தா, ஏற்கனவே இருக்குற நோய்க்கு அதிகபட்சம் மூணு வருஷம் காத்திருக்கணும். 2024 வரைக்கும் அது நாலு வருஷம். எங்கப்பாவுக்கு இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. அதுவரைக்கும் சுகரால எது வந்தாலும் எங்க கைக்காசு.

குடும்பம் மொத்தத்துக்கும் ஒரே ஃப்ளோட்டர்னு தலையில கட்டப் பார்ப்பாங்க. ஃப்ளோட்டர்ல பிரீமியம் போடுறது வீட்டுல மூத்தவர் வயசை வச்சு. 58 வயசு அப்பாவோட 23 வயசு தங்கச்சியையும் சேர்த்தா விலை ஏறும். அப்பாவுக்கு ஒரு ஆபரேஷன்ல 5 லட்சம் தீர்ந்தா அந்த வருஷம் தங்கச்சிக்கு ஒண்ணும் மிஞ்சாமப் போகலாம். பெரியவங்களுக்குத் தனியா, இளசுகளுக்குத் தனியா எடுங்க.

அடுத்தது ரூம் வாடகை. இதுலதான் பாதிப் பேர் மாட்டுறாங்க. 3 லட்சம் பாலிசி, ரூம் வரம்பு ஒரு சதவீதம்னா நாளைக்கு 3,000. ஆஸ்பத்திரியில அந்த ரூம் காலி இல்லை, 6,000 ரூம்ல நாலு நாள் படுத்தாச்சு. பில் 2,40,000. ரூம் 24,000, டாக்டர், தியேட்டர், நர்சிங் 1,20,000, மருந்தும் டெஸ்ட்டும் 96,000. ரூமுக்குப் பாதிதான் தருவாங்கன்னு நினைப்பீங்க. இல்லை, டாக்டர் பீஸையும் தியேட்டர் செலவையும் சேர்த்து அதே விகிதத்துல பாதியா வெட்டுவாங்க. மருந்து, டெஸ்ட்டுக்கு வெட்டக் கூடாது. ஆக 72,000 ரூபாய் உங்க தலையில. அதுவும் டிஸ்சார்ஜ் அன்னைக்குத்தான் தெரியும். ரூம் வரம்பு இல்லாத பாலிசியா, கோ-பே எவ்வளவு, இந்த ரெண்டையும் எழுத்துல பார்க்காம கையெழுத்து போடாதீங்க. போட்டுட்டாலும் 30 நாளுக்குள்ள படிச்சுப் பார்த்து வேண்டாம்னு திருப்பிக் குடுக்கலாம்.

கிளெய்மை மறுத்துட்டா முதல்ல கம்பெனிக்கே எழுத்துல புகார். ஒரு மாசத்துல சரியான பதில் இல்லைன்னா சென்னையில இருக்குற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்கிட்ட போங்க. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

60 வயசு தாண்டினவங்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல பிரீமியம் ஏத்தணும்னா ஐஆர்டிஏஐ அனுமதி வாங்கணும்னு 2025 ஜனவரியில உத்தரவு வந்துச்சு. 58-க்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. நடுவுலதான் நிக்கிறோம், வயசுலயும்.

நம்ம கேள்வி மூணே மூணு. இஎஸ்ஐ-யோட 21,000 வரம்பை எப்போ உயர்த்துவீங்க? நிதி ஆயோக் சொன்ன மாதிரி பணம் கட்டி அரசுக் காப்பீட்டுல சேர எப்போ விடுவீங்க? ரூம் வாடகையைக் காட்டி மொத்த பில்லையும் வெட்டுற விதியை எப்போ தூக்குவீங்க? உங்க தொகுதி எம்பி பக்கத்துல போய் இதைக் கேளுங்க. பதில் வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து இங்க போடுங்க.

உங்க வீட்டுல கிளெய்ம் வெட்டப்பட்டிருந்தா எவ்வளவு, என்ன காரணம் சொன்னாங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க. பாலிசி நம்பர், ஆதார் நம்பர் எதையும் போட வேண்டாம்.

#நடுவுலநிக்கிறோம் #காப்பீடுஉரிமை