ரஜா கணக்கும் பஞ்சாங்கக் கணக்கும்

புது வருஷக் காலண்டர் கைக்கு வந்தவுடன் உத்தியோகத்திலும் தொழிலிலும் உள்ள நமது தோழர்கள் முதன்முதலாகப் பார்ப்பது எதை? சிவப்பு எழுத்து எத்தனை இருக்கின்றது, அவற்றில் எத்தனை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து வீணாய்ப் போகின்றது என்பதைத்தான். இரண்டு பண்டிகை ஞாயிற்றில் வந்துவிட்டால், இந்த வருஷம் சாமியே நம்மை ஏமாற்றிவிட்டது என்று சொல்லிச் சிரிக்கின்றார்கள். இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமல்ல என்பது நமது அபிப்பிராயம். உழைக்கின்ற ஒருவனுக்கு வருஷத்தில் எத்தனை நாள் ஓய்வு என்பதை அவனுடைய உழைப்பு முடிவு செய்ய வேண்டுமா, அல்லது அமாவாசை எந்தக் கிழமையில் வருகின்றது என்பது முடிவு செய்ய வேண்டுமா என்று கேட்கின்றோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓய்வு நாள் இரண்டு விதம். ஒன்று, ஊருக்கெல்லாம் பொதுவாகக் குறிக்கப்படுகின்ற விடுமுறை. மற்றொன்று, இத்தனை நாள் வேலை செய்ததற்கு இத்தனை நாள் என்று ஒருவன் உழைத்துச் சம்பாதித்த சம்பள ரஜா. முன்னதைக் கொடுத்ததற்காகப் பின்னதைக் குறைப்பது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதேயாகும். முதலாளிமார் செய்கின்ற சூதெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து காட்டுவதில்தான் இருக்கின்றது. வருஷத்துக்கு இருபது நாள் ரஜா என்று பெருமையாகச் சொல்லுவார்கள். விசாரித்தால் அதற்குள்ளேயே பொங்கலும் தீபாவளியும் அடங்கியிருக்கும். சனியும் திங்களும் ரஜா எடுத்தால் நடுவிலுள்ள ஞாயிற்றையும் சேர்த்து மூன்று நாளாக எழுதிக்கொள்ளுகின்ற கம்பெனிகளும் இருக்கின்றன.

சர்க்கார் காரியங்களிலும் பஞ்சாங்கத்தின் ஆட்டத்தைப் பார்க்கலாம். 2023-ம் வருஷத்துத் தீபாவளி நவம்பர் 12-ந் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஜனங்கள் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டுமென்று தமிழ்நாடு சர்க்கார் 13-ந் தேதி திங்கட்கிழமையை விடுமுறையாக்கி, அதற்கு ஈடாக 18-ந் தேதி சனிக்கிழமையை வேலை நாளாக்கிற்று. அதாவது, ஒரு நாள் ஓய்வு கொடுத்ததாகப் பெயர். அதே வாரத்தில் அது திரும்பப் பறிக்கப்பட்டது. குடியரசு தினமான ஜனவரி 26, 2025-ல் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. வழக்கமாக ஞாயிற்றில் ஓய்வு பெறுகின்றவர்களுக்கு அன்று தனி விடுமுறை என்று ஒன்றும் கிடைக்கவில்லை. மனிதன் ஏற்படுத்திய நாளிலும் இப்படி, சந்திரன் ஏற்படுத்திய நாளிலும் இப்படி என்றால், நஷ்டம் யாருக்கு? உழைப்பவனுக்குத்தானே!

நிற்க, ஓய்வு என்பதே கடவுள் கொடுத்த வரம், பண்டிகை இல்லாவிட்டால் ஏழைக்கு ஓய்வு ஏது என்று வைதீகர்கள் கேட்பதுண்டு. இதற்கு வரலாறே பதில் சொல்லும். பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு கிடைத்தது எப்படி? எந்த வேதமாவது புராணமாவது வாங்கிக் கொடுத்ததா? ஜோதிராவ் பூலேயின் சத்தியசோதக் சமாஜத்தில் தொண்டு செய்த நாராயண் மேகாஜி லோகண்டே என்ற தோழர், 1884 முதல் தொழிலாளர்களைக் கூட்டி, மனுக் கொடுத்து, கிளர்ச்சி செய்தார். 1890-ம் வருஷம் ஜூன் 10-ந் தேதி ஆலை முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்குச் சம்மதித்தார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்பது நமக்குச் சூரிய பகவானும் கொடுக்கவில்லை, கிறிஸ்துவும் கொடுக்கவில்லை. பகுத்தறிவு இயக்கத்தைச் சேர்ந்த ஒரு தொழிலாளர் தலைவரும் அவரோடு நின்ற மில் கூலிகளும் வாங்கிக் கொடுத்ததாகும்.

இங்கிலாந்து தேசத்தின் அனுபவத்தையும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நமது ஆபீசு வழக்கங்களில் பல அங்கிருந்து வந்தவை என்பதோடு, அங்கும் இதே சூதும் இதே சந்திரன் தொல்லையும் இருந்து வருகின்றன. 1871-ல் சர் ஜான் லபக் என்பவர் பார்லிமெண்டில் பாங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அவர் பாங்கிக்காரர், டார்வினுடைய அண்டை வீட்டுச் சிநேகிதர், எறும்பையும் தேனீயையும் ஆராய்ச்சி செய்தவர். அவர் குறித்த நாட்களில் ஆகஸ்டு மாதத்து முதல் திங்கட்கிழமை எந்தச் சாமியாருக்கும் எந்தப் பண்டிகைக்கும் சொந்தமானதல்ல. ஜனங்களின் ஓய்வுக்காகவே ஏற்பட்டது. ஜனங்கள் அதற்குக் கேலியாக 'செயிண்ட் லபக் நாள்' என்றே பெயர் வைத்தார்கள்! பிறகு, ஈஸ்டரோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்த ஒரு மத விடுமுறையையும் 1971-ம் வருஷச் சட்டம் மே மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையில் நிலையாக நிறுத்திவிட்டது. உலகம் ஒன்றும் முழுகிவிடவில்லை.

ஆனால் ஈஸ்டர் மட்டும் இன்னமும் பௌர்ணமியைப் பார்த்தே வருகின்றது. அதன் பலனைக் கேளுங்கள். அங்கே 1998-ம் வருஷத்து விதிகளின் பலனாக ஒவ்வொரு தொழிலாளிக்கும் வருஷத்தில் 4 வாரச் சம்பள ரஜா ஏற்பட்டது. வாரத்தில் 5 நாள் வேலை செய்பவனுக்கு இது 20 நாள். முதலாளிகள் பலர் 8 பொது விடுமுறைகளையும் இந்த 20-க்குள்ளேயே அடக்கி, மிச்சம் 12 நாள்தான் கொடுத்தார்கள். ஆகவே 2007-ல் 4.8 வாரமாகவும், 2009-ல் 5.6 வாரமாகவும், அதாவது 28 நாளாகவும் சட்டம் உயர்த்தப்பட்டது. அதற்குப் பிறகும், 20 நாளும் வருகின்ற பொது விடுமுறைகளும் என்று ஒப்பந்தம் எழுதி, ஏப்ரல் முதல் மார்ச்சு வரை கணக்குப் பார்க்கின்ற கம்பெனிகள் இருந்தன. 2023-24-ல் பெரிய வெள்ளிக்கிழமை இரண்டு தடவை வந்தது. அரசர் முடிசூட்டு விடுமுறையும் சேர்ந்து பொது விடுமுறை 10 ஆயிற்று. 2024-25-ல் பெரிய வெள்ளி ஒரு தடவைகூட வரவில்லை. பொது விடுமுறை 7 தான். 20-ம் 7-ம் 27. சட்டம் சொல்லுவதோ 28. பௌர்ணமி தள்ளி வந்ததற்காகத் தொழிலாளி ஒரு நாளை இழக்க வேண்டுமா? அந்த ஒரு நாளை முதலாளி தன் கையிலிருந்துதான் கொடுத்தாக வேண்டும் என்பதே சட்டம்.

இன்னொரு கணக்கும் இருக்கின்றது. ஒரு கம்பெனியில் ஒருவர் திங்கள் முதல் புதன் வரையிலும், மற்றொருவர் புதன் முதல் வெள்ளி வரையிலும் வேலை செய்கின்றார்கள். இருவருக்கும் வாரம் மூன்றே நாள். இங்கிலாந்தில் 8 பொது விடுமுறைகளில் நான்கு எப்பொழுதும் திங்கட்கிழமையிலேயே வருகின்றன. 12 நாளும் உங்கள் வேலை நாளில் வருகின்ற பொது விடுமுறையும் என்று கொடுத்தால், திங்கட்கிழமைக்காரருக்கு லாபம், மற்றவருக்கு நஷ்டம். நேர்மையான வழி என்னவென்றால், 3 நாளை 5.6 வாரத்தால் பெருக்கி 16.8 நாள் என்று இருவர் பேரிலும் சமமாக எழுதிவிட்டு, பொது விடுமுறை தன் வேலை நாளில் வந்தால் அதிலிருந்து கழித்துக்கொள்ளும்படி செய்வதேயாகும். இதற்குப் பஞ்சாங்கமும் வேண்டாம், புரோகிதரும் வேண்டாம். பெருக்கல் வாய்பாடு தெரிந்தால் போதும்.

இனி நமது நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 240 நாள் வேலை செய்தவனுக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பள ரஜா என்றது. ரஜாவின் நடுவிலோ முன்னும் பின்னுமோ வருகின்ற விடுமுறைகள் அந்தக் கணக்கில் சேரா என்றும் சொல்லிற்று. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் 240-ஐ 180 ஆக்கியிருக்கின்றது. விடுமுறைகளை ரஜாக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது இதிலும் உண்டு. தமிழ்நாட்டில் 1958-ம் வருஷத்துத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டத்தின்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும், இன்னும் ஐந்து நாளும் ஆக ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை. அந்த ஐந்து நாள் எவை என்பதில் தொழிலாளர்களையும் கலந்து ஆலோசிக்க வேண்டும். விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றையச் சம்பளத்தோடு வேறு ஒரு நாள் சம்பள ஓய்வு. இரண்டில் எது என்பது தொழிலாளியின் விருப்பம். எத்தனை ஜவுளிக்கடைச் சிப்பந்திகளுக்கும் ஓட்டல் தொழிலாளிகளுக்கும் இது தெரியும்? தெரிந்தாலும் வாய் திறந்து கேட்க எத்தனை பேருக்குத் தைரியம் இருக்கின்றது?

பண்டிகை என்று ஊரே படுத்துறங்கும் நாளில் தெருக் கூட்டுகின்றவர் யார்? பஸ் ஓட்டுகின்றவர் யார்? ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கின்றவர் யார்? அவர்களுக்கு அந்த நாளில் சிவப்பு எழுத்து இல்லை. நாள் கூலிக்குக் கட்டட வேலை செய்பவனுக்கும் வயலில் நாற்று நடுபவளுக்கும் பண்டிகை வந்தால் அன்று கூலியே இல்லை; அதற்குமேல் துணிக்கும் பட்சணத்துக்கும் கடன் வேறு. பெண்களின் சங்கதியோ சொல்ல வேண்டியதில்லை. ஆபீசிலும் ஆலையிலும் உழைக்கின்ற ஒரு பெண்ணுக்குப் பண்டிகை நாள் என்பது விடியுமுன் எழுந்து அடுப்பங்கரையில் நிற்கின்ற நாளேயொழிய ஓய்வு நாளாகுமா?

பண்டிகை லீவையெல்லாம் ஒழித்துவிடச் சொல்லுகின்றீர்களா என்று சிலர் நம்மைக் கேட்கக்கூடும். நாம் அப்படிச் சொல்லவில்லை. நாளின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையக்கூடாது. ஒன்றிரண்டு கூடினால் சந்தோஷம். நாம் சொல்லுவதெல்லாம், அந்த நாள் எது என்று தீர்மானிக்கின்ற உரிமை பஞ்சாங்கத்திடமிருந்து உழைப்பவனிடம் வர வேண்டும் என்பதுதான். தீபாவளியன்று ஓய்வு வேண்டுமென்பவன் அன்றே எடுத்துக்கொள்ளட்டும். ரம்ஜானுக்கு வேண்டுமென்பவன் அன்றைக்கு எடுத்துக்கொள்ளட்டும். சாமியே வேண்டாம், மகன் பரீட்சை முடிந்த நாளில் வீட்டோடு இருக்க வேண்டுமென்பவனுக்கும் அதே உரிமை வேண்டும். மத்திய சர்க்கார் சிப்பந்திகள் ஒரு பட்டியலிலிருந்து இரண்டு நாளைத் தங்கள் இஷ்டப்படி தேர்ந்தெடுத்துக்கொள்ள இப்பொழுதே ஏற்பாடு இருக்கின்றது. இரண்டு நாளுக்கு நியாயமானது மற்ற நாளுக்கு ஏன் நியாயமாகாது?

ஆகவே தோழர்களே, உங்கள் சங்கங்களில் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். வருஷ ரஜா வேறு, பொது விடுமுறை வேறு என்று எழுத்தில் இருக்க வேண்டும். விடுமுறை வார ஓய்வு நாளில் விழுந்தால் வேறு நாள் கிடைக்க வேண்டும். விடுமுறையில் உழைத்தவனுக்குச் சட்டப்படியான இரட்டைச் சம்பளமோ மாற்று நாளோ கேளாமலே வர வேண்டும். நாள் கூலிக்காரருக்கும் சம்பளத்தோடு ஓய்வு உண்டு என்று ஆக வேண்டும். அடுத்த வருஷக் காலண்டர் வந்தவுடன் சிவப்பு எழுத்தை எண்ணுவதை விட்டுவிட்டு, உங்கள் ரஜாக் கணக்கு எழுதியிருக்கின்ற புஸ்தகத்தைக் காட்டும்படி கேளுங்கள்.